திண்ணை கப்பலேறிய கதை

முகப்பேரில் சந்தான சீனிவாசப் பெருமாள் என்று ஒருவர் இருக்கிறார். பிள்ளை வரம் கொடுப்பது அவருடைய இலாகா. மகப்பேறு அருளும் ஊர் என்பதால் மகப்பேறு, அதுவே வாயில் புரண்டு புரண்டு முகப்பேர் ஆயிற்று என்று ஊர்க்காரர்கள் பெயர்க்காரணம் சொல்வார்கள். பெருமாள் தன் வேலையில் குறை வைப்பதில்லை. ஆனால் அவர் வரம் கொடுப்பதோடு கையைக் கழுவிவிடுகிறார். பிறக்கும் பிள்ளைக்கு எல்கேஜி சீட் எங்கே கிடைக்கும் என்பது பற்றி வாயே திறப்பதில்லை. அதற்குக் கோயிலை விட்டு வெளியே வந்தாக வேண்டும். கிழக்கு முகப்பேர், மேற்கு முகப்பேர், நொளம்பூர், பாடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மஞ்சள் பஸ் குறுக்கே வந்து நிற்கும்.

நாங்கள் இருப்பது ஏரித் திட்டத்தில். வீட்டுவசதி வாரியம் வைத்த பெயர். எங்கள் முகவரியில் இன்னும் ஏரி இருக்கிறது. தண்ணீர்தான் லாரியில் வருகிறது.

பேரனைச் சேர்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், பையனுக்கு நாளைக்கு அங்கே டிசி வாங்க வேண்டியிருக்கலாம். கையில் ஒரு வழவழப்பான விளம்பரப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் இரண்டு விஷயங்களை மட்டும் தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒன்று, குழந்தைகள் தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். இரண்டு, பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். இரண்டுமே வெளிநாட்டு முறை என்றார் அந்த அம்மணி. கட்டணத்தைச் சொன்னதும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூட வந்திருந்த என் பெரியம்மாவுக்கு வயது எண்பத்து மூன்று, திருமழிசைப் பக்கத்துக்காரி. புத்தகத்தைத் தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்: "இன்னாடா இது? எங்க நைனா திண்ணையில குந்திகினு இதைத்தானே பண்ணாரு. மணலுக்கு இன்னாத்துக்குடா துட்டு?"

அந்த அம்மணிக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அது முந்நூறு வருஷத்துக் கதை. அட்மிஷன் கவுண்டரில் நின்று சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். பள்ளி என்றால் படுக்கை. பெருமாள் பள்ளிகொண்டார் என்றால் அவர் பாடம் படிக்கப் போனார் என்று பொருளில்லை. சமண முனிவர்கள் தங்கிப் படுத்த இடங்களுக்குப் பள்ளி என்று பெயர். அங்கேயே அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்ததால், படுக்குமிடம் படிக்குமிடம் ஆகிவிட்டது. முனிவர்கள் போய்விட்டார்கள், சொல் தங்கிவிட்டது. அதன் ஆதிப் பொருளை இன்றுவரை மறக்காமல் காப்பாற்றி வருபவன் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன்தான்.

அந்தச் சமணத்தின் வால் இன்னொரு இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து ஆரம்பிக்கும்போது பிள்ளைகள் 'அரி நமோத்து சிந்தம்' என்று கத்துவார்கள். அந்தச் சிந்தம், சித்தர்களுக்குச் சமணர்கள் வைத்த வணக்கம். முன்னால் ஓர் அரியைச் சேர்த்து அதை வைணவமாக்கி, சைவ வாத்தியார் சைவப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒருவருக்கும் பொருள் தெரியாததால் சண்டை வரவில்லை.

சரி, கட்டடத்துக்கு வருவோம். கிராமத்துப் பழைய பள்ளிக்கூடத்தின் கட்டடக் கலையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஒரு சங்கடம் உண்டு. கட்டடமே கிடையாது. இருந்தது திண்ணை, அதுவும் வேறொருவருடையது. ஊரில் வசதியுள்ள ஒருவர் வீடு கட்டும்போது வாசலுக்கு ஒரு பக்கம் பெரிய திண்ணையும் மறுபக்கம் சின்னதாக ஓர் ஒட்டுத் திண்ணையும் வைப்பார். மேலே பனங்கை, நாட்டு ஓடு. முன்னால் இரண்டு மூன்று மரத்தூண்கள். ஒரு கோடியில் தலை வைத்துக்கொள்ளத் தோதாகச் சாய்வாகத் தலையணை மாதிரி ஒரு மேடு, சிமென்ட்டுக்கு முந்தைய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சில் கண்ணாடி போலத் தேய்த்தது. வழிப்போக்கன் படுக்க, கணக்குப்பிள்ளை உட்கார, மழைக்கு ஆடு ஒதுங்க. இவ்வளவு பேருக்கும் இடம் இருக்கும்போது வாத்தியாருக்கும் இருபது பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகுமா? வீட்டுக்காரர் இடம் கொடுத்தார். பெரிய மனசு என்றும் சொல்லலாம். அவருக்கு வீட்டில் நாலு பையன்கள் இருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

வெள்ளைக்காரர்கள் இதற்குப் 'பயல் ஸ்கூல்' என்று பெயர் வைத்தார்கள். பயல்கள் படிப்பதால் என்று நினைத்துவிடாதீர்கள். திண்ணைக்குப் போர்த்துக்கீசியர் சொன்ன சொல்லிலிருந்து வந்தது அது. தமிழனின் திண்ணையை இங்கிலீஷ்காரன் போர்த்துக்கீசியப் பெயரில் கூப்பிட்டான். நல்ல வேளை, திண்ணைக்குக் காது இல்லை.

திண்ணையில் ஒரு கட்டட நுட்பம் இருந்தது. அதற்குக் கதவு இல்லை. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியும். தெருவில் நடப்பது உள்ளே தெரியும். வாத்தியார் தூங்கினால் ஊரே பார்க்கும். கருவாடு விற்பவள் கூவினால் வாய்ப்பாடு ஏழாம் எண்ணோடு நின்றுவிடும். இன்றைக்கு 'வெளிப்படையான நிர்வாகம்' என்று கருத்தரங்கு போடுகிறோமே, அதன் முழு அமைப்பும் மூன்றடி உயரத்தில் சுண்ணாம்பில் இருந்தது.

பாடம் மணலில் ஆரம்பித்தது. ஆற்று மணலைத் தரையில் பரப்பி, வாத்தியார் பையனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' போடுவார். அழிக்க ரப்பர் வேண்டாம், உள்ளங்கை போதும். தப்பாக எழுதினால் சாட்சி இருக்காது. மணலில் கை திருந்திய பிறகுதான் ஓலை. எழுத்தாணியால் ஓலையில் கீறிவிட்டு, எழுத்து தெரிவதற்காகக் கரியும் மஞ்சளும் தடவுவார்கள். அதற்கு மையாடல் என்று பெயர். புதுச் சுவடி தொடங்கும்போதெல்லாம் வாத்தியாருக்கு ஏதாவது வந்து சேரும். அமாவாசை, பௌர்ணமிக்கு விடுமுறை. அந்த விடுமுறைக்கு வாவு என்று பெயர். விடுமுறை விடுவதற்கு வாத்தியாருக்கு வாவுக் காசு கொடுக்க வேண்டும். இதை யோசித்தவர் சாதாரண ஆள் இல்லை. பாடம் நடத்துவதற்கு ஒரு காசு, நடத்தாமல் இருப்பதற்கு ஒரு காசு. நவராத்திரி வந்தால் பிள்ளைகளை வீடு வீடாகப் பாட அனுப்பி, கிடைத்ததை வாத்தியார் வாங்கிக்கொள்வார். இவ்வளவும் சேர்ந்து அவருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்று மதராஸ் கவர்னர் மன்றோவே பின்னால் எழுதி வைத்தார். ஆகவே வாவுக் காசைப் பற்றி ரொம்பவும் நக்கலடிப்பது பாவம்.

கணக்குத்தான் உண்மையான பாடம். ஒன்றுக்கு மேலே போவதை விட ஒன்றுக்குக் கீழே போவதில் நம் முன்னோர்களுக்கு ஆசை அதிகம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அதோடு விட்டார்களா? முந்திரியை மறுபடி முந்நூற்றிருபதாகப் பிளந்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. நெல்லை அளப்பவனுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நானும் சிரித்திருக்கிறேன். பிறகு முகப்பேரில் அடுக்குமாடி வீடு வாங்கினேன். பத்திரத்தில் நிலத்தில் எனக்குள்ள பிரிபடாத பங்கு என்று ஒரு பின்னம் போட்டிருந்தார்கள். அன்றுதான் கீழ்முந்திரியின் அருமை தெரிந்தது. நிலத்துக்கான காணி வேறு கணக்கு: மதராஸ் காணிக்கு 24 மனை, மனைக்கு 2,400 சதுர அடி. அந்த மனைதான் இன்று ரியல் எஸ்டேட்காரர் வாயில் கிரவுண்டாக உருள்கிறது. திண்ணைப் பையனிடம் கொடுத்தால் புரோக்கரை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லியிருப்பான்.

இருபது முப்பது பிள்ளைகளை ஒரே வாத்தியார் எப்படிக் கட்டி மேய்த்தார்? மேய்க்கவில்லை. சட்டாம்பிள்ளை மேய்த்தான். பெரிய பையன்களில் கெட்டிக்காரனோ, கெட்டிக்காரன் இல்லாவிட்டால் பலசாலியோ சட்டாம்பிள்ளை ஆவான். பாடம் ஒப்பிக்கக் கேட்பது, வராதவனைத் தூக்கி வருவது, வாத்தியார் கண்ணயரும்போது பிரம்பைப் பிடிப்பது எல்லாம் அவன். லஞ்சம் என்ற நிறுவனத்தோடு தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் அறிமுகம் அவன் மூலமாகத்தான் நடந்தது. முறுக்கு, மாங்காய், கோலி என்று தொடங்கும்.

தண்டனைகளுக்கு வருவோம், வாத்தியார்களின் கற்பனை சிறகு விரித்தது இங்கேதான். 1823இல் பல்லாரி கலெக்டராக இருந்த காம்ப்பெல் இதை உட்கார்ந்து எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், கௌரவம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுன்னம். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு ஆளுக்கு ஒன்றாக ஏறும். இருபதாவது வருபவன் பதினெட்டு அடி வாங்குவான். பல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமைதான். ஆனால் பிரம்புக்கு மொழிப் பிரச்சினை கிடையாது. கூட்டல் வாய்ப்பாட்டை உள்ளங்கை வழியாக நேரே மூளைக்கு ஏற்றிய ஒரே பாடத்திட்டம் இது.

இதற்கும் மசியாதவனுக்குக் கோதண்டம். உத்தரத்திலிருந்து கயிறு தொங்கும். பையனின் இரண்டு கையையும் அதில் மாட்டி மேலே இழுத்துத் தொங்கவிடுவார்கள். ராமபிரானின் வில்லுக்கு அந்தப் பெயர். பள்ளியில் நாண் இருக்க வேண்டிய இடத்தில் பையன் இருந்தான். திண்ணைப் பள்ளியின் கட்டடக் கலையில் உத்தரம் எதற்கு என்று கேட்டால், கூரையைத் தாங்க என்று கொத்தனார் சொல்வார். பிள்ளைகளைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

இப்போது கப்பல் வருகிறது.

1787இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதராசில் வந்து இறங்கினார். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் நாவிதர் மகன், பாதிரியார் வேலை. ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் போதகராக இருந்து பல சம்பளம் வாங்கும் வித்தை தெரிந்தவர். 1789இல் எழும்பூரில் கம்பெனிச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த அநாதை விடுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். தகப்பன் வெள்ளைச் சிப்பாய், தாய் பெரும்பாலும் இந்த மண்ணைச் சேர்ந்தவள். அங்கிருந்த வாத்தியார்களுக்கோ சொல்லிக் கொடுக்க மனசும் இல்லை, வகையும் இல்லை.

ஒரு நாள் காலையில் பெல் குதிரைமேல் போகும்போது ஒரு மலபார்ப் பள்ளியைப் பார்த்தார். மலபார் என்றால் அன்றைய வெள்ளைக்காரர் வாயில் தமிழர். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தினமும் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டு போகிற காட்சி. பெல் மட்டும் ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து எழுந்த மாதிரி 'கண்டேன்!' என்று குதித்தார். விடுதிக்கு ஓடி, மணல் கொண்டுவரச் சொன்னார். வாத்தியார்கள் முடியாது என்றார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, ஜான் பிரிஸ்கென் என்று பெயர், நீயே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடு என்றார். அவன் சொல்லிக் கொடுத்தான். சட்டாம்பிள்ளை பிறந்துவிட்டான், இங்கிலீஷ் பெயரோடு.

1796இல் பெல் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருஷமே லண்டனில் புத்தகம் போட்டார். மணலை எங்கே பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதினார். முறைக்கே மெட்ராஸ் சிஸ்டம் என்று பெயர் வந்தது. ஆனால் பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மட்டும் தன் மூளையில் உதித்ததாம். குதிரை மேலிருந்து பார்த்தவருக்கு மணல் தெரிந்தது, பிரம்போடு நின்ற சட்டாம்பிள்ளை தெரியவில்லை. அவன் ஒருவேளை வாத்தியாருக்கு வெற்றிலை வாங்கப் போயிருக்கலாம். பிற்பாடு காம்ப்பெல் கலெக்டர், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இந்த நாட்டு முறை இங்கிலாந்து காப்பியடிக்கத் தகுந்ததுதான் என்று தன் அறிக்கையில் போகிறபோக்கில் போட்டு உடைத்துவிட்டார்.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்று இன்னொருவர், நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒரு கட்சி, பெல்லுக்குப் பின்னால் இங்கிலாந்துத் திருச்சபை. இருவரும் புத்தகம் புத்தகமாக எழுதித் திட்டிக்கொண்டார்கள். ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், அரைக்காசு செலவு என்றால் எந்த நாட்டுக்குத்தான் ஆசை வராது? லங்காஸ்டர் தண்டனை விஷயத்தில் பெரிய மனிதர். பையன்களை அடிக்கக் கூடாது என்பார். அதற்குப் பதில் குறும்பு செய்தவனைக் கூடையில் போட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். மற்ற பிள்ளைகள் கூண்டுப் பறவையைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்களாம். கோதண்டம் தேம்ஸ் கரையில் கூடையாகப் பிறந்ததற்கு எந்தக் குதிரைக்காரர் பொறுப்பு என்று ஆராய எனக்கு ஆசைதான்.

1832இல் பெல் இறந்தபோது அவர் முறையில் நடந்த பள்ளிகள் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில்கூட மெட்ராஸ் பள்ளிகள் முளைத்தன. அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் செயின்ட் ஆண்ட்ரூசில் ஒரு பள்ளி திறந்தார்கள். பெயர் மெட்ராஸ் காலேஜ். பெயரில் காலேஜ், வேலையில் பள்ளிக்கூடம், இருப்பது ஸ்காட்லாந்து. 1996இல் நாம் மெட்ராஸ் என்ற பெயரைத் தலைமுழுகிச் சென்னை ஆகிவிட்டோம். அவர்கள் இன்னும் மெட்ராஸ் காலேஜ்தான். எழும்பூரில் அந்த விடுதி இருந்த இடத்தில் 1908 முதல் ரயில் நிலையம் நிற்கிறது. மணல் புரட்சி நடந்த இடத்தில் இன்றைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு நடந்ததுதான் உச்சம். மிஷனரிகள் அதே முறையை இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து, இந்தியாவுக்கு நவீனக் கல்வி என்று அறிமுகப்படுத்தினார்கள். நம் இட்லி மாவை நமக்கே பாக்கெட்டில் விற்கும் தொழில் அன்றே தொடங்கிவிட்டது.

இதற்கிடையில் கவர்னர் மன்றோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது: இந்த ஜனங்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? 1822இல் கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். கலெக்டர்கள் வழக்கம்போல இழுத்தடித்தார்கள். 1826இல் கணக்கு வந்தது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், ஜனத்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. மன்றோ இதைக் குறைவு என்றார். ஆனால் ஐரோப்பாவில் சமீப காலம் வரை பல நாடுகளில் இருந்ததைவிட மேல் என்றும் சேர்த்துக்கொண்டார். வாத்தியார்களுக்கு மாதம் 9 ரூபாயும் 15 ரூபாயும் சம்பளம் கொடுத்துப் பள்ளி நடத்தலாம் என்று திட்டம் போட்டுவிட்டு, 1827இல் காலராவில் போய்ச் சேர்ந்தார். தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். திட்டமும் அப்படியே சேணம் இல்லாமல் நின்றுவிட்டது.

அந்த ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்தில் பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. சேரிப் பிள்ளைகள் திண்ணையில் ஏற முடியாது. திண்ணைக்குக் கதவு இல்லை என்று மேலே பெருமையாக எழுதினேன். யாருக்கு அது கதவு, யாருக்குச் சுவர் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. பழம்பெருமை பேசும்போது அந்த மணலைக் கண்ணில் போட்டுக்கொள்வது நமக்கு வழக்கம். நம் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அவர்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். தமிழ்நாட்டில் ஒரு சேரிப் பிள்ளை 'அ' போட அமெரிக்காவிலிருந்து ஒரு கர்னல் வரவேண்டியிருந்தது.

1854இல் சார்லஸ் வுட் லண்டனிலிருந்து கல்வி சாசனம் அனுப்பியபின் இன்ஸ்பெக்டர் என்ற ஜீவராசி தோன்றியது. தேறிய தலைக்கு இவ்வளவு மானியம் என்று விதி வந்ததும், பிள்ளைகள் முதல் முறையாக வாத்தியாருக்குப் பணமாகத் தெரிந்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மூக்கு ஒழுகுபவனுக்கும் கவனிப்புத்தான். கூடவே கட்டடமும் வந்தது. திண்ணை நாகரிகமில்லை, நான்கு சுவர் வேண்டும், ஜன்னல் வேண்டும், கதவுக்குப் பூட்டு வேண்டும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தச் சிவப்பு ஓடு மெல்ல மெல்லத் தென்னாட்டுப் பள்ளிகளின் தலையில் ஏறியது.

நான் படித்தது அந்த வம்சத்துக் கட்டடத்தில், ஆவடிக்கு மேற்கே. நீளமாக ஒரே கூடம். ஐந்து வகுப்பு. நடுவில் தட்டி, தட்டியில் பொத்தல். பொத்தல் வழியாக மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம் முடிந்துவிட்டது, அதனால்தான் ஐந்தாம் வகுப்பில் கவனிக்கவில்லை. மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ரயில்வே அதை எப்போது கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. கரும்பலகை வெளுத்தால் கோவை இலை, ஊமத்தை இலை, அடுப்புக்கரி மூன்றையும் அரைத்துப் பூசுவது நான்காம் வகுப்பின் கடமை. அரைத்த கையோடு சத்துணவு சாப்பிட்டும் நாங்கள் உயிரோடு இருப்பது மருத்துவ அதிசயம். மழை பெய்தால் ஓடு ஒழுகும் இடத்தைப் பொறுத்து வகுப்புகள் இடம் மாறும். ஆண்டுத்தேர்வு மதிப்பெண்ணை விட எங்களுக்கு அந்த ஓட்டைகளின் வரைபடம் நன்றாகத் தெரியும்.

கூரை வேய்ந்த பள்ளிகள் எங்கள் பக்கமும் நிறைய இருந்தன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை எரிந்து 94 பிள்ளைகள் போன பிறகுதான் அரசாங்கம் அந்தக் கூரைகளை இறக்கியது.

சோற்றுக் கதையையும் அதோடு பின்னிக் கிடக்கும் கட்டடக் கதையையும் எல்லோரும் அறிவார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1920இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் மதராஸ் நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு என்று தீர்மானம் போட்டது. 1953இல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றார். இருக்கிற கட்டடத்தில் இரண்டு ஷிப்ட் ஓட்டலாம் என்பது கணக்கு. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பே தைக்கட்டும் என்பதுதான் மிச்சம் என்று ஊரே குலக்கல்வி என்று கூவியது. 1954இல் காமராஜர் வந்து அந்தத் திட்டத்தை மூட்டை கட்டினார். அவரும் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராகக் கிளம்பினார்கள். 1958இல் நம் கடம்பத்தூரில் தொடங்கியது. மேடையிலேயே ஒருவர் நிலம் தருவார், ஒருவர் ஓடு தருவார், ஒருவர் சுவர்க் கடிகாரம் தருவார். திண்ணை காலத்தில் ஒரு வீட்டுக்காரர் செய்ததை ஊரே கூடிச் செய்தது. 1982இல் எம்.ஜி.ஆர் சத்துணவு போட்டார். மதராசில் வாத்தியார் என்றால் இன்றைக்கும் அவர்தான். காமராஜர், எம்.ஜி.ஆர் இருவருமே சின்ன வயதில் பள்ளியை விட்டு ஓடவேண்டி வந்தவர்கள். மாநிலம் முழுக்கப் பள்ளியில் சோறு போட்டது அவர்கள்தான். நன்றாகப் படித்தவர்கள் கமிட்டி போட்டார்கள்.

அப்புறம் ஏரியை வீடாக்கினார்கள். முகப்பேர் வளர்ந்தது. 2011இல் அம்பத்தூரோடு சேர்ந்து மாநகராட்சிக்குள் போனது. இங்கே யாரும் திண்ணை கட்டவில்லை. கட்ட இடம் விட்டால் அதில் ஒரு டூவீலர் நிற்குமே. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள். நான்கு தூண், மேலே கூரை, கதவு கிடையாது. கீழே பாய் விரித்து ஒரு டீச்சரம்மா டியூஷன் எடுக்கிறார். பதினைந்து பிள்ளைகள். எட்டாவது படிக்கும் ஒரு பெண், மூன்றாம் வகுப்புக்காரனைத் தலையில் குட்டி வாய்ப்பாடு கேட்கிறாள். அமாவாசைக்கு மட்டும் இன்னும் காசு வாங்கவில்லை.

மணலும் ஒரு சுற்று சுற்றித்தான் வந்தது. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்து இறங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று மாண்டிசோரி என்று பலகை மாட்டிய இடங்களில் மணல் தட்டு ஒரு முக்கியமான தளவாடம். ஆக, பெரியம்மாவின் நைனா தெருவில் அள்ளிய மணல், எழும்பூர், லண்டன், ஸ்காட்லாந்து, கனடா எல்லாம் போய்விட்டு, தங்க எழுத்தில் அச்சாகி, முகப்பேரில் ஓர் அட்மிஷன் கவுண்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. போக்குவரத்துச் செலவைத்தான் கட்டணத்தில் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது.

பேரனை இன்னும் சேர்க்கவில்லை. முகப்பேர், பாடி, கொரட்டூர் வட்டாரத்தில் யார் வீட்டிலாவது திண்ணை மிச்சம் இருந்தால் தகவல் சொல்லவும். மணல் நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம். வாத்தியாருக்கு வாவுக்கு வாவு காசு, நவராத்திரிக்கு வேட்டி துண்டு. கோதண்டம் வேண்டாம் என்று பெரியம்மா சொல்லச் சொன்னாள்.